சாம்பிள் கால்

இடது காலில் ஏ மாடல், வலது காலில் பி மாடல், மாற்றிச் சொல்லித் தொலைக்காதே என்று சாம்பிள் ரூம் மேனேஜர் பரந்தாமன் சார் ஷூ கம்பெனி கேட்வரை வந்து சொல்லிவிட்டுப் போனார், இத்தனை வருஷமாகக் கோமளாவுக்கு இடது எது வலது எது என்றே தெரியாததுபோல. தெரியும், நன்றாகவே தெரியும். இடது காலில்தான் இரண்டாவது விரல் கட்டைவிரலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வலது காலில் இன்னும் ஏறவில்லை, ஏறப் பார்க்கிறது. சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்த நேரம், ஆம்பூர் வெயில் தார் ரோட்டில் பளபளவென்று நின்றது, அவள் கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல் இரண்டு காலிலும் ஒரே மாதிரி தெரிகிற, ஒரே மாதிரி இல்லாத, பழுப்புத் தோல் ஷூக்களோடு பஜாரைப் பார்த்து நடந்தாள். பஜார்வரை போ, காய் வாங்குகிற மாதிரி நில்லு, ஒரு படி ஏறு, இறங்கு, இது தினமும் போடற ஷூம்மா, கல்யாணத்துக்குப் போடறது இல்ல, சென்னை மேடம் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள வந்து எது நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். போதும். அந்த மனுஷன் எதையும் போதும் என்றுதான் முடிப்பார். அந்த ஒரு வார்த்தையில் அவருடைய ஜி.எம். நாற்காலி தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது சாம்பிள் ரூமில் கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். ஆர்டர் கிடைத்து, நன்றாகப் போனால் நாற்காலி. போன சரக்கு மொத்தமும் கடிக்கிறது, நசுக்குகிறது என்று திரும்பி வந்தால் தலையில் துண்டு. கோமளா பி என்று சொல்லப்போகிறாள். காலையில் இரண்டிலும் காலை நுழைத்துப் பார்த்த அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். பி. பி சார். பி தான் சார் நல்லா இருக்கு. நடந்துகொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், கடலை மிட்டாய்போல இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால் அது பொய்கூட இல்லை. வலது காலில் இருக்கிற பி அவளுக்குப் பழகிய வீடு மாதிரி இருந்தது, இடிக்கிற இடத்தில் இடித்து, பிடிக்கிற இடத்தில் பிடித்து. இடது காலில் இருக்கிற ஏ-தான் சத்திரம். முன்பக்கம் ஒரே வெளி, விரல்களுக்கு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை, பெரிய வீட்டுக்கு விருந்துக்குப் போன ஏழை உறவு மாதிரி ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. வெறுங்கால் ஷூ என்று பெயராம் இதற்கு. குதி உயரம் கிடையாது, அடியில் தோசை கனத்துக்கு ஒரு சோல், விரல் விரிய முன்னால் இடம். ஷூ போட்டிருந்தாலும் வெறுங்காலோடு நடக்கிற மாதிரி இருக்க வேண்டுமாம், வெளிநாட்டில் இப்போது எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்களாம். சாம்பிள் வந்த அன்று தையல் மெஷின் ரெஹானா, "வெறுங்காலா நடக்கறதுக்கு இவ்ளோ தோலு இன்னாத்துக்குக்கா?" என்று கேட்டு மொத்த லைனும் சிரித்தது. ஏ மாடலுக்கு லாஸ்ட் புதிதாக வந்தது, லாஸ்ட் என்றால் ஷூவை இழுத்து மாட்டித் தைக்கிற கால் வடிவக் கட்டை. பி மாடலுக்குப் பரந்தாமன் சார் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. பழைய கூர்மூக்கு லாஸ்ட்டையே எடுத்துக் குதியைச் சீவினார், மூக்கை உருட்டினார், கீழே அகலமாக ஒரு சோலை ஒட்டினார். பார்த்தால் அகலம், உள்ளே அதே நெருக்கம். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கோமளா கண்டுபிடித்தாள், கண்ணால் இல்லை, சுண்டுவிரலின் அடியில். அந்த இடத்தில் அந்தக் கட்டை எத்தனை தடவை பல் பதித்திருக்கிறது, ஆளை மறந்தாலும் அதை மறப்பாளா? எந்த மூடனாவது நசுங்கின காலை வைத்து நசுக்காத ஷூவுக்கு அளவு பார்ப்பானா? பரந்தாமன் பார்ப்பார். அவருக்கு அவள் கால் இன்னும் அந்தப் பழைய கால்தான். சாக்ஸுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் பார்த்தே பல வருஷம் ஆகிறது. பார்க்காமல் இருப்பது எப்படி என்று நன்றாகத் தெரிந்த மனுஷன்.

அந்தப் பழைய கால் என்றால் அது ஒரு காலம். கூட்டமாக வேலைக்குச் சேர்ந்த பெண்களை வரிசையாகப் பெஞ்சில் உட்காரவைத்து ஒவ்வொரு காலாக அளந்துகொண்டே வந்தவர் அவள் காலைப் பிடித்ததும் "கெடைச்சிடுச்சு!" என்று கத்தினார், புதையல் மாதிரி. நீளம், அகலம், மேல்சுற்று, எல்லாம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் கேட்கிற சாம்பிள் சைஸ், நூல் பிசகவில்லை. அன்றைக்கு அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மற்றவர்கள் பசை நாற்றத்தில் நிற்க, அவள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து காலை நீட்டினால் போதும். மாடல் மாடலாகப் போட்டுவிட்டு, மண்டியிட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "எப்படி இருக்கு?" என்பார். சாம்பிள் கால் வந்துச்சா, சாம்பிள் கால எங்க காணோம், சாம்பிள் காலுக்கு ஒரு டீ. பேரே போய்விட்டது. வந்த மாடல் எல்லாம் கூர்மூக்கு, ஊசி மாதிரி மூக்கு, காலையிலிருந்து சாயங்காலம்வரை கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி. ஒரு நாள் பையர் முன்னாலேயே அவள் கடிக்குது சார் என்று சொல்லிவிட்டாள். வலித்தது, சொன்னாள், அவ்வளவுதான். அந்த மாடல் விழுந்தது. பையர் போனபிறகு அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூட மறந்திருப்பாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, சிரித்த முகமாக, "ஷூ கடிக்காதும்மா, கால்தான் ஷூவைக் கடிக்கும். போட்டுப் பார்க்கறது உன் வேலை, கடிக்குதுன்னு சொல்றது உன் வேலை இல்ல. பசை டேபிள்ல ஆள் வேணுமாம், போறியா?" என்றார். போகவில்லை. வீட்டில் ஏழுமலை அப்போதுதான் ஷேர் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்திருந்தான், புதுக் குடித்தனம், பசை டேபிள் போனால் ஆஸ்துமா வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். அன்றிலிருந்து கோமளாவுக்கு எந்த ஷூவும் கடிக்கவில்லை. சரியா இருக்கு சார். நல்லா இருக்கு சார். கொஞ்சம் கெட்டியா இருக்கு, பழகிடும் சார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதெல்லாம் பாஸாகி, கப்பலேறி, யார் யார் காலுக்கோ போய்விட்டது. ஒரு தடவை டீ நேரத்தில் எல்லாரும் இருக்கும்போது, "இவ முகத்தைவிட எனக்கு இவ கால்தான் நல்லா தெரியும், இருட்டுல தொட்டாலும் சொல்லிடுவேன்" என்று சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். கோமளாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் இன்றைக்கும் ஆறவில்லை. அவர் சிரித்ததைக்கூட விட்டுவிடலாம், தானும் சேர்ந்து சிரித்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

மார்க்கெட் முனையில் கொய்யாப்பழம் விற்கிற முனியம்மா தூரத்திலேயே பார்த்துவிட்டாள். "இன்னாக்கா, ஷூலாம் போட்டுக்கினு வர? கராத்தே க்ளாஸா?" என்று கேட்டாள். "கம்பெனி வேலடி" என்றாள் கோமளா. "குந்தினு ஷூ போட்டுப் பாக்கற வேலய வெயில்ல நடந்து பாக்க வுட்டுட்டாங்களா? அந்தாளு ரொம்ப நல்லவன்டா சாமி" என்று சொல்லிவிட்டு ஒரு பழத்தை அறுத்து உப்பு மிளகாய்த்தூள் தடவி நீட்டினாள். கோமளா நின்று தின்றாள், நிற்கவும்தானே சொல்லியிருக்கிறார். நின்றபோதுதான் இடது கால் எதையோ சொன்னது. முதலில் சூடு. பாதத்துக்கு அடியில் தார் ரோட்டின் சூடு, கீழே உடைந்து கிடந்த கல்லின் விளிம்பு, சாக்கடை மூடியின் கோடு கோடான வரி, எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே வந்தது. வலது காலுக்கு ஒன்றும் தெரியவில்லை, அது பாட்டுக்குப் பழைய கூண்டில் தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு வலி. கடிக்கிற வலி இல்லை, ரொம்ப நாளாக மடங்கிக் கிடந்ததை நீட்டும்போது வருமே, அந்த வலி. சுண்டுவிரல் முதலில் விலகியது. அப்புறம் அதன் பக்கத்து விரல். கட்டைவிரலின் மேல் ஏறி உட்கார்ந்த அந்தத் திமிர்பிடித்த விரல்கூட ஒரு பக்கமாகச் சரிந்து, இறங்கலாமா வேண்டாமா என்று பார்த்தது. கோமளா தின்பதை நிறுத்தினாள். அழுகை வருகிறது என்றுதான் அவளே நினைத்தாள். இல்லை, கோபம். அடப் பாவி, இப்படி ஒரு ஷூ செய்ய முடியுமா? முடியும் என்றால் அப்போதே செய்திருக்கலாமே! தோல் அதே தோல், நூல் அதே நூல், மெஷின் அதே மெஷின். முன்னால் ஒரு விரல்கடை இடம், அவ்வளவுதானே? அந்த ஒரு விரல்கடை இடத்துக்காகவா இவ்வளவும்?

இவ்வளவும் என்றால் மெட்டியும் சேர்த்துத்தான். மெட்டி போட்டால் அளவு மாறும் என்று அவர் சொன்னதால் தினமும் காலையில் சாம்பிள் ரூமுக்குள் நுழைகிறபோது இரண்டு காலிலிருந்தும் கழற்றி டிபன் பாக்ஸ் மூடிக்குள் போட்டு வைப்பாள், சாயங்காலம் குழம்பு வாசத்தோடு எடுத்துப் போட்டுக்கொள்வாள். மாமியாருக்குத் தெரிந்தபோது வீடு இரண்டாகிவிட்டது. "புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்பவே மெட்டிய கழட்டி வைக்கற பொம்பள இந்த ஊர்ல நீ ஒருத்திதான்டி" என்றாள். ஏழுமலை பாவம், "வுடும்மா, வேலைக்குத்தான" என்று சொல்லிவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பிறகு கழற்றுகிற தொல்லையே இல்லாமல் போயிற்று. விரல் மேலேறி, கணு வீங்கி, ஒரு நாள் மெட்டி உள்ளேயே போகவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தாள், எண்ணெய் போட்டுப் பார்த்தாள், தட்டானிடம் பெரிதாக்கிப் பார்த்தாள், இடது காலில் மேலே ஏறின விரலில் மெட்டி போட்டால் செருப்பில் கால் நுழையாது, ஒரு காலில் மட்டும் போடுகிற வழக்கமும் இல்லை. நாத்தனார் கல்யாணத்தில் நலங்கு வைக்க ஒவ்வொரு சுமங்கலியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், மூத்த மருமகள் முதலில் வைக்க வேண்டும், அவள் புதுப் புடவையோடு எழுந்து நின்றாள், மாமியார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டாள். எழுந்தது எழுந்தபடி நின்றாள். உட்காருவதா, அப்படியே சமையல்கட்டுக்குப் போவதா? போய்ப் பந்தி இலை எடுத்தாள். அன்றைக்கு மாமியார் மேல் வந்த ஆத்திரம் கொஞ்ச நாளில் மாமியாரைத் தாண்டிப் போய் சரியான ஆள் மேல் உட்கார்ந்துகொண்டது. அது இன்னும் எழுந்திருக்கவில்லை. ஒன்றும் அவசரம் இல்லை என்று உட்கார்ந்தே இருந்தது, இன்றைக்கு அவள் வாயில் ஒரு வார்த்தையாக வந்து நிற்கிறது. பி. சரக்கு போகும். யாரோ ஒரு வெள்ளைக்காரி வெறுங்கால் மாதிரி இருக்கும் என்று நம்பி வாங்கிப் போட்டுக் கடைக்குப் போவாள், சுண்டுவிரல் நசுங்கும். நசுங்கட்டுமே. என் விரல் நசுங்கினபோது எந்த மகராசி வந்து கேட்டாள்? இப்படி நினைத்த உடனே ரெஹானா ஞாபகம் வந்தாள், சரக்கு திரும்பினால் லைன் நிற்கும், லைன் நின்றால் முதலில் வீட்டுக்கு அனுப்புவது அவளைப்போல புதிதாக வந்தவர்களைத்தான். அந்த நினைப்பைக் கொய்யா விதையோடு சேர்த்துத் துப்பினாள். வஞ்சம் தீர்க்கக் கிளம்பினவள் வழியில் நின்று எல்லாருக்கும் நல்லது பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ரேஷன் கடைப் படியில் ஏறினாள், இறங்கினாள், சொன்னபடி எல்லாம் செய்தாகிவிட்டது. திரும்பி நடக்கும்போது, தான் இடது காலை அழுத்தி வைத்து வலது காலை அவசரமாகத் தூக்கிவிடுகிறோம் என்பதை அவளே கவனித்தாள். கவனித்தும் பி என்றேதான் சொல்லிக்கொண்டாள்.

சாம்பிள் ரூமில் ஏசி குளிர். மிருதுளா மேடம் சென்னை ஆபீசிலிருந்து வந்திருந்தவள், சின்ன வயது, பையருக்காகப் பேசுகிறவள், கையில் டீ டம்ளரோடு மேஜைமேல் மிச்சமிருந்த ஏ-யின் வலது ஷூவையும் பி-யின் இடது ஷூவையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஹானாவும் இன்னும் இரண்டு பெண்களும் மூலையில் நூல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கோமளா தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். பரந்தாமன் சார் வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு எதிரே மண்டியிட்டு, கட்டைவிரலால் பி-யின் மூக்கை அழுத்தினார். "எப்படிம்மா இருக்கு? மேடத்துக்கிட்ட சொல்லு." இத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை எந்தத் தடையும் இல்லாமல் வந்தது. "பி தான் சார் நல்லா இருக்கு. பழகின மாதிரி இருக்கு." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் மலர்ந்துவிட்டது. கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவர் மாதிரி மலர்ந்தது. "பாத்தீங்களா மேடம்! நான் என்ன சொன்னேன்? ஏ-க்குப் புது லாஸ்ட், எல்லா சைஸுக்கும் தனித்தனியா செய்யணும், பி-க்கு எல்லாம் நம்மகிட்டயே இருக்கு. நாளைக்கே லைன்ல ஏத்திடலாம்." மேடம் தயங்கினாள். "பின்னாடி ஃபிட்டிங் கம்ப்ளெயின்ட் வந்தா சார்?" என்று கேட்டாள். பரந்தாமன் சிரித்தார், அதே டீ நேரத்துச் சிரிப்பு. "வந்தா கோமளாவப் புடிங்க மேடம். அவ பேர்லதான பாஸ் ஆகுது, அவ கால்தான சொல்லுது. நானா போட்டுப் பாத்தேன்?"

அப்படியென்றால் அவர் கேட்டதும் பி தானா? அவள் வஞ்சம் என்று பொத்திப் பொத்தி வளர்த்தது அவருக்கு வேண்டியதுதானா? சரியா இருக்கு சார், நல்லா இருக்கு சார், பழகிடும் சார். இன்றைக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறாள், பழிவாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, புதிதாக வேறு ஒன்றுமே சொல்லவில்லை. சரக்கு திரும்பினால் அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கையைக் காட்டுவார், காட்டுகிற இடத்தில் இந்தக் கால் இருக்கும். அவமானத்தில் காது சுட்டது. அந்த நேரத்தில் மேடம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குற்றம் கண்டுபிடிக்கிற எண்ணமே இல்லாமல், வெறும் சந்தேகமாக, "ஆமா, வெறுங்கால் ஷூவுக்கு எதுக்கு இவ்வளவு கனமா சாக்ஸ் போட்டிருக்காங்க?" என்று கேட்டாள். "சுத்தம் மேடம், சாம்பிள்ல அழுக்குப் படக்கூடாதுன்னு. போதும்மா கோமளா, நீ போலாம்" என்றார் பரந்தாமன், வழக்கத்தைவிடச் சீக்கிரமாக. அந்தச் சீக்கிரத்தில்தான் கோமளாவுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. சாக்ஸுக்குள் எப்படிப்பட்ட கால் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பார்க்காமலேயே தெரியும்.

அவள் எழுந்திருக்கவில்லை. குனிந்து இரண்டு ஷூவையும் கழற்றினாள், இரண்டு சாக்ஸையும் உருவினாள், வெள்ளை சாக்ஸ் இரண்டையும் அவருடைய முட்டிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். காலை எப்போதும் நீட்டுகிற மாதிரியே நீட்டினாள். மூலையில் கத்தரிக்கோல் நின்றது. மேடம் "ஐயோ" என்றாள். "பி நல்லா இருக்குன்னு சொன்னது பொய் இல்ல மேடம். இந்தக் காலுக்கு அதுதான் சரி. இந்தக் கால் இவரோட பழைய லாஸ்ட்ட போட்டுப் போட்டே இப்படி ஆனது, பி-யும் அதே லாஸ்ட்தான். ஷூ வாங்கற அந்த ஊர் பொம்பளைங்களுக்கும் இந்த மாதிரி கால் இருந்தா தாராளமா அனுப்புங்க." பரந்தாமன் கண்ணைச் சாக்ஸில் வைத்துக்கொண்டு, "உள்ள போம்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். மேடம் அவரைப் பார்க்கவில்லை, அந்த ஏறி உட்கார்ந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் காலை வச்சுத்தான் எங்க மாடல் எல்லாம் பாஸ் பண்ணீங்களா சார், இவ்வளவு நாளா?" அவர் அந்த சாக்ஸ் இரண்டையும் எடுத்து மடிக்க ஆரம்பித்தார். "அந்த இடது கால்தானே இப்ப ஏ போட்டு நடந்துட்டு வந்தது? அதுக்கு பி போடுங்க. சாக்ஸ் இல்லாம" என்றாள் மேடம்.

பரந்தாமன் சார் மேஜையிலிருந்த பி-யின் இடது ஷூவை எடுத்து, போட்டுக்கொள்ளச் சொல்லி அவளிடம் நீட்டினார். கோமளா கையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்களே போட்டுவுடுங்க சார். இருட்டுல தொட்டாலும் தெரியும்னு சொன்னீங்களே." மூலையில் யாரோ, ரெஹானாதான், தும்முவதுபோல ஒரு சத்தம் போட்டாள். பரந்தாமன் சார் குனிந்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் கை அந்த விரல்மேல் நேராகப் பட்டது, பட்டதும் சுட்டதுபோலப் பின்வாங்கி மறுபடி பிடித்தது, அதை அவள் உள்ளங்காலில் வாங்கிக்கொண்டாள், சந்தோஷமாகத்தான் இருந்தது, அதில் ஒளிக்க என்ன இருக்கிறது. மதியம் முழுக்க விரிந்து கிடந்துவிட்டு வந்த விரல்கள் பி-க்குள் போக மறுத்தன. தள்ளினார். ஒரு வழியாக உள்ளே போனது. வியர்த்த முகத்தோடு, பழக்க தோஷம், கட்டைவிரலால் மூக்கை அழுத்தினார், பழக்க தோஷம், வாயும் தானாகக் கேட்டுவிட்டது.

"எப்படி இருக்கு?"

"கடிக்குது சார்" என்றாள் கோமளா, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி.